மணியடிக்கும் வளாகத்தில் ஒரு பயிற்சிக்கூடம்

வேலித் தூண்களுக்குக் குழி தோண்டத் தொடங்கிய முதல் நாள் காலையில், மேல்நிலை வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "சார், இந்த வேலை எப்போது முடியும்?" என்று கேட்டாள். பதினாறு மாதங்கள் ஆகும் என்றேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் எங்கள் வகுப்பில் யாரும் அதில் விளையாட மாட்டோம்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கணக்கின் விடையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவள் கையில் ஒரு கைப்பந்து இருந்தது. அவள் நின்றுகொண்டிருந்த இடம் முந்தைய நாள் மாலைவரை கைப்பந்து ஆடுகளமாக இருந்தது.

நடந்துகொண்டிருக்கும் ஒரு பள்ளியின் வளாகத்துக்குள் புதிய விளையாட்டுப் பயிற்சிக்கூடம் கட்டும் பணியைப் பள்ளியின் சார்பில் மேற்பார்வையிடும் பொறுப்பு அப்போது என்னிடம் தரப்பட்டிருந்தது. அதற்கு முன்பு நான் பார்த்த கட்டடங்கள் பெரும்பாலும் வெற்று மனைகளில் எழுந்தவை. அங்கே மண், சிமென்ட், கம்பி, ஆட்கள், நாள்கள் ஆகியவற்றைக் கணக்கிட்டால் போதும். பள்ளியில் அப்படியில்லை. மைதானத்தை விட்டுக்கொடுக்கிற பிள்ளைகள் ஒரு வரிசை; கட்டி முடித்த கூடத்தில் ஆடப்போகிற பிள்ளைகள் அடுத்த வரிசை. முதல் வரிசைக்கு வேலையின் சத்தமும் தூசியும் நெருக்கடியும் மட்டுமே கிடைக்கின்றன. அந்த மாணவியின் கணக்கைக் கேட்ட பிறகு, கட்டுமானக் காலத்தில் பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் நாள்களைக் காப்பதே முதல் வேலை, கூடம் எழுப்புவது அதற்கு அடுத்த வேலை என்று என் வேலை வரிசையை மாற்றிக்கொண்டேன். இந்தப் பதிவில் நான் எழுதுவதெல்லாம் அந்த வரிசையை ஒட்டித்தான்.

கூடத்தின் அளவிலிருந்து தொடங்குகிறேன். கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்டது. அதைச் சுற்றிலும் குறைந்தது 2 மீட்டர் தடையற்ற இடம் வேண்டும். கைப்பந்து ஆடுகளம் 18-க்கு 9 மீட்டர்தான் என்றாலும், சுற்றிலும் 3 மீட்டர் வெற்றிடம் கேட்கும். இரண்டுக்குமே தரையிலிருந்து 7 மீட்டர் உயரம்வரை விட்டமோ விளக்கோ குறுக்கிடக் கூடாது. இவற்றோடு ஓரத்தில் சில வரிசை இருக்கைகளும், உபகரணங்களை நகர்த்தும் வழியும் சேர்ந்தபோது 34 மீட்டர் நீளம், 22 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் என்று கூடம் முடிவானது. பக்கத்தில் எடைப்பயிற்சி அறை, முதலுதவி அறை, உடைமாற்றும் அறைகள். வெளியே நேரான ஓடுபாதையும் நீளம் தாண்டும் குழியும்.

இடத்தைத் தேர்வு செய்தபோது எல்லோரும் கட்டடத்தின் முகப்பு எந்தப் பக்கம் அமைய வேண்டும் என்பதைப் பற்றியே பேசினார்கள். நான் லாரி எந்தப் பக்கமாக வரும் என்று கேட்டேன். 6 கன மீட்டர் கான்கிரீட் கொண்டுவரும் கலவை லாரியில் கான்கிரீட்டின் எடை மட்டுமே 14 டன்னைத் தாண்டும். வண்டியின் எடையையும் சேர்த்தால் ஏறத்தாழ 25 டன். அந்த வண்டி பின்னோக்கி வரும்போது, அதன் பின்னால் நிற்கும் பத்து வயதுப் பிள்ளை ஓட்டுநரின் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது. கட்டுமானத் தளத்தின் ஆபத்து என்றால் உயரத்திலிருந்து விழும் பொருள்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. பள்ளி வளாகத்தில் நான் அதிகம் அஞ்சியது பின்னோக்கி நகரும் சக்கரத்தைத்தான். அதனால், பார்வைக்கு எடுப்பாக இருந்த முன்பக்க இடத்தை விட்டுவிட்டு, பின்பக்கச் சுற்றுச்சுவரை உடைத்துத் தனி வாயில் வைக்கக்கூடிய மூலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன். பிள்ளைகள் நுழையும் வாயிலில் ஒரு செங்கல் வண்டிகூட நுழையக் கூடாது என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. பள்ளி தொடங்கும் நேரத்துக்கும் முடியும் நேரத்துக்கும் முன்னும் பின்னும் அரை மணி நேரம் எந்த வண்டியும் நகரக் கூடாது என்றும், வண்டி பின்னோக்கி வரும் ஒவ்வொரு முறையும் கொடியோடு ஓர் ஆள் பின்னால் நிற்க வேண்டும் என்றும் சேர்த்தோம்.

அந்த மூலையில் ஒரு பெரிய மரம் நின்றது. கிளைகளை வெட்டாமல் விட்டால் மரம் பிழைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மரத்தைக் கொல்வது பெரும்பாலும் வேரின்மீது நிற்கும் லாரியும் குவித்து வைக்கும் ஜல்லியும்தான். அடிமரத்தின் விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்தை ஆரமாக வைத்து வேர்ப்பகுதியைக் காக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தரநிர்ணயம் கூறும் கணக்கு. எங்கள் மரத்தின் விட்டம் 60 சென்டிமீட்டர், ஆகவே 7.2 மீட்டர் ஆரத்துக்கு வேலி போட்டோம். பொருள் வைக்கும் இடம் இதனால் சுருங்கிவிட்டது என்று ஒப்பந்ததாரர் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறை நியாயமானதுதான். ஆனாலும் மரம் இன்றும் நிற்கிறது.

வேலி அடைத்து முடித்த அன்று மாலையில்தான் ஒரு பெரிய தவறு கண்ணில் பட்டது. தீ விபத்து ஏற்பட்டால் பிள்ளைகள் அனைவரும் வந்து கூட வேண்டிய இடம் என்று பள்ளியின் திட்டத்தில் குறிக்கப்பட்டிருந்த திடல், வேலிக்கு உள்ளே போயிருந்தது. வெளியேறும் படிக்கட்டுகளில் ஒன்று நேராகத் தகரத் தடுப்பில் போய் முட்டியது. வரைபடத்தைப் பலமுறை பார்த்த எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை, ஏனென்றால் கட்டட வரைபடத்தில் "கூடும் இடம்" என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அது அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வேறொரு தாளில் இருந்தது. அன்று இரவே தலைமையாசிரியை புதிய இடத்தைக் குறித்தார். மறுநாள் முதல் பாடவேளையில் அபாய மணி அடித்து, முழுப் பள்ளியையும் புதிய வழியில் நடத்திப் பார்த்தோம். தடுப்பில் முட்டிய படிக்கட்டின் முன்னால் வேலியை மூன்று மீட்டர் பின்னுக்குத் தள்ளினோம். இப்படியொரு வேலையைத் தொடங்க இருப்பவர்கள், கட்டட வரைபடத்தின்மேல் பள்ளியின் அவசரகாலத் தாளை வைத்துப் பார்த்த பிறகே முதல் குழியைத் தோண்ட வேண்டும்.

சத்தத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளலாம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நியூயார்க்கில் உயர்மட்ட ரயில் பாதையை ஒட்டிய ஒரு பள்ளியைப் பற்றி ஆர்லைன் பிரான்சாஃப்ட், டென்னிஸ் மெக்கார்த்தி ஆகிய இருவரும் 1975-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அந்தப் பள்ளியில் ரயில் பாதையைப் பார்த்த பக்கத்து வகுப்பறைகளில் படித்த பிள்ளைகளையும், மறுபக்கத்து அமைதியான அறைகளில் படித்த பிள்ளைகளையும் ஒப்பிட்டபோது, சத்தமுள்ள பக்கத்தார் ஆறாம் வகுப்புக்குள் வாசிப்பில் ஏறத்தாழ ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். பிறகு தண்டவாளத்தின் அடியில் ரப்பர் பட்டைகள் வைக்கப்பட்டன. வகுப்பறைக் கூரைகளில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பொருத்தப்பட்டன. 1981-இல் வெளியான அடுத்த ஆய்வில் அந்த வேறுபாடு மறைந்திருந்தது. எங்கள் பதினாறு மாத வேலையை ஆண்டுக்கணக்கில் ஓடும் ரயிலோடு சமமாக வைக்க முடியாது. ஆனாலும் ஒரு பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவேண்டிய பருவத்தில் பதினாறு மாதம் என்பது சின்ன காலமில்லை.

வகுப்பறையில் பின்னணி ஒலி 35 டெசிபலைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. 10 மீட்டரில் 90 டெசிபல் எழுப்பும் கருவி, 20 மீட்டரில் 84, 40 மீட்டரில் 78 என்று இறங்கும். 80 மீட்டரிலும் 72 இருக்கும். சன்னல்களை மூடினாலும் 35-க்குப் பக்கத்தில் வராது. வளாகத்துக்குள் தூரத்தை வைத்து மட்டும் சத்தத்தை வெல்ல முடியாது என்பதை இந்த ஒரு கணக்கே காட்டிவிட்டது. வேலை செய்யும் முறையையும் நேரத்தையும்தான் மாற்ற வேண்டியிருந்தது. அடித்தளத்துக்கு மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண்களைப் பைல் என்பார்கள்; அடித்து இறக்கும் பைல்களுக்குப் பதிலாகத் துளையிட்டு வார்க்கும் பைல்களைத் தேர்ந்தெடுத்தோம். பழைய தரையைப் பிரேக்கர் வைத்து உடைக்காமல், ரம்பத்தால் அறுத்துத் துண்டுகளாகத் தூக்கி, வளாகத்துக்கு வெளியே கொண்டுபோய் உடைக்கச் சொன்னோம். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும் வேலை பள்ளி முடிந்த பிறகுதான் நடந்தது. உயரத்திலிருந்து பலகையைக் கீழே போடுவதால் எழும் அந்தத் திடீர்ச் சத்தம், தொடர்ந்து ஓடும் இயந்திரத்தைவிடக் கவனத்தைச் சிதறடிக்கிறது என்று ஆசிரியர்கள் அனைவருமே சொன்னார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு நாள் தவறிவிட்டது. மொழிப்பாடத்தில் ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதும் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது, தளத்தில் கான்கிரீட் அறுக்கும் ரம்பம் ஓடியது. தேர்வுத் தேதி ஆசிரியர்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்; ரம்பத்தைப் பிடித்திருந்த தொழிலாளிக்கும் அவருடைய மேஸ்திரிக்கும் தெரியாது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பதிவின் முதல் பகுதி முடிந்துவிட்டது. தேர்வை மறுபடி நடத்தினார்கள் என்றாலும், நன்றாகத் தயாராகி வந்த பிள்ளைகள் இரண்டாம் முறை உட்கார்ந்தபோது அவர்களுடைய முகத்தில் இருந்த சோர்வு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அன்று மாலை, பள்ளியின் ஆண்டு நாள்காட்டியைப் பெரிதாக எழுதித் தள அலுவலகத்தில் மாட்டினேன்: சிவப்பில் தேர்வு நாள்கள், மஞ்சளில் பெற்றோர் வரும் நாள்கள், பச்சையில் விடுமுறைகள். ஒவ்வொரு நாளும் காலை வேலை தொடங்கும் முன், அன்றைக்கு எந்த நிறம் என்பதை மேஸ்திரி உரக்கச் சொல்வது வழக்கமாயிற்று. கான்கிரீட் போடும் பெரிய நாள்கள் அனைத்தையும் பச்சைக்கு மாற்றினோம். வேலைத் திட்டத்தை முதலில் வகுத்துவிட்டு அதற்குள் தேர்வுகளைச் செருகியிருந்தோம். தேர்வுகளை முதலில் எழுதிவிட்டு மீதியிருக்கும் நாள்களில் வேலையை அடுக்கியிருக்க வேண்டும்.

தூசிக்கு வருகிறேன். கான்கிரீட்டையும் கல்லையும் உலர்வாக அறுக்கும்போது பறக்கும் பொடியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. மூச்சில் போகும் அளவுக்கு நுண்ணிய அந்தத் துகளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். எனவே தண்ணீர் பாய்ச்சாமல் எதையும் அறுக்கக் கூடாது என்பதில் நான் எந்த விலக்கும் தரவில்லை. இது தொழிலாளர்களின் நுரையீரலுக்கும் சேர்த்துத்தான். வெளியேறும் லாரிகளின் சக்கரங்களைக் கழுவ வாயிலில் ஒரு தொட்டி வைத்தோம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளின் வகுப்பறைகளைத் தலைமையாசிரியை வளாகத்தின் மறுகோடிக்கு மாற்றினார். அந்த ஏற்பாடு என் யோசனையல்ல, அவருடையது. வேலை முழுவதிலும் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிக நல்லவற்றுள் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம்.

நான்காவது மாதத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. பழைய வரைபடத்தில் குழாய் நேர்கோட்டில் ஓடியது. அந்தக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளித்தான் பொக்லைன் தோண்டிக்கொண்டிருந்தது. வாளி மேலே வந்தபோது மண்ணோடு தண்ணீரும் வந்தது. பத்து நிமிடத்தில் குழி நிரம்பிவிட்டது. கழிப்பறைகளிலும் குடிநீர்க் குழாய்களிலும் தண்ணீர் நின்றுவிட்டது. நண்பகலுக்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வால்வை எங்கே மூடுவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பள்ளியின் தோட்டக்காரர்தான் வந்து, ஒரு புதரை விலக்கி, மண்ணில் புதைந்திருந்த இரும்பு மூடியைத் தூக்கி, உள்ளே கையைவிட்டு வால்வைத் திருகினார். குழாய் ஏன் வளைந்து போயிருக்கிறது என்று கேட்டேன். "இங்கே ஒரு பெரிய மரம் இருந்தது சார். குழாய் பதித்தவர்கள் அதைச் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். மரம் அப்புறம் காற்றில் விழுந்துவிட்டது" என்றார். மரம் போய்விட்டது, குழாய் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

மறுநாள் தோட்டக்காரர், காவலாளி, மின்பணியாளர் மூவரையும் அழைத்து, சுண்ணாம்புப் பொடியைக் கையில் கொடுத்து, அவர்களுக்குத் தெரிந்த குழாய்களையும் கேபிள்களையும் தரையிலேயே கோடிழுத்துக் காட்டச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் வரைபடத்தில் இல்லாத நான்கு பாதைகள் தரையில் வெள்ளையாகத் தெரிந்தன. அதன் பிறகு இயந்திரம் வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தோம். இந்தச் சந்திப்பை வேலையின் முதல் வாரத்திலேயே நான் நடத்தியிருக்க வேண்டும். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதால்தான் அவர்களும் சொல்லவில்லை.

மைதானம் போன பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்ற கேள்வி இந்த எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. பல பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடத்தில் பெரும்பகுதி கிடைப்பது பள்ளி மைதானத்தில்தான். விளையாட்டுக்காகக் கட்டடம் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, பதினாறு மாதங்கள் விளையாட்டையே நிறுத்திவைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உடற்கல்வி ஆசிரியரும் நானும் வளாகத்தின் மீதியிடங்களை நாடா பிடித்து அளந்தோம். ஆசிரியர்களின் வாகன நிறுத்தத்தை வெளியே மாற்றினால் ஒரு கைப்பந்து ஆடுகளம் அடங்கும் என்று தெரிந்தது. 3 மீட்டர் வெற்றிடம் ஒரு பக்கம் மட்டும் குறைந்தது. அந்தப் பக்கத்துச் சுவருக்குப் பழைய மெத்தைகளைக் கட்டினோம். உணவு இடைவேளையை இரண்டாகப் பிரித்து, பாதிப் பிள்ளைகள் சாப்பிடும்போது மற்றப் பாதி விளையாடும்படி தலைமையாசிரியை அட்டவணையை மாற்றினார்.

அதோடு, வேலையின் வரிசையையும் மாற்றினோம். வழக்கமாகக் கட்டடம் முடிந்த பிறகே வெளிப்புற வேலைகளைத் தொடுவார்கள். நாங்கள் முதல் நீண்ட விடுமுறையிலேயே நேர் ஓடுபாதையையும் தாண்டும் குழியையும் முடித்துவிட்டோம். நூறு மீட்டர் ஓட்டத்துக்கு நூறு மீட்டர் நிலம் போதாது. தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் 3 மீட்டரும், முடிவுக் கோட்டுக்கு அப்பால் வேகம் குறைய 17 மீட்டரும் சேர்த்து 120 மீட்டர் வேண்டும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஆறு தடங்களுக்கு இடம் இருந்தாலும் நான்கு மட்டும் போட்டு, மிச்சத்தைக் கட்டுமானத் தளத்துக்கும் பாதைக்கும் நடுவே வெற்றிடமாக விட்டோம். நீளம் தாண்டும் பலகையை விதிப்படி குழியின் விளிம்பிலிருந்து 1 முதல் 3 மீட்டருக்குள் வைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்காக 1 மீட்டரிலேயே வைத்தோம். என்னிடம் கணக்குச் சொன்ன அந்த மாணவியின் வகுப்பு, கூடத்தைப் பார்க்காவிட்டாலும் அந்தப் பாதையில் ஓர் ஆண்டு ஓடியது. வாகன நிறுத்தத்து ஆடுகளத்தில் கைப்பந்தும் ஆடியது. இந்த வேலையில் எனக்கு மிகுந்த மனநிறைவைத் தந்தது இதுதான்.

தகரத் தடுப்பில் பிள்ளைகளின் கண் உயரத்துக்கு மூன்று சதுரத் துளைகளை வெட்டி, உடையாத பிளாஸ்டிக் தகடு பொருத்தியிருந்தோம். துளை இல்லாவிட்டால் பிள்ளைகள் தடுப்பின்மேல் ஏறிப் பார்ப்பார்கள் என்பதுதான் முதலில் காரணமாக இருந்தது. சில வாரங்களில் இயற்பியல் ஆசிரியர் தம் வகுப்பை அங்கேயே அழைத்து வந்து நெம்புகோலையும் கப்பியையும் காட்டத் தொடங்கினார். கூரைச் சட்டங்களைக் கிரேன் தூக்கிய விடுமுறை நாளில், பெற்றோரோடு வந்து பார்த்த பிள்ளைகளும் உண்டு. தொழிலாளர்கள் பிள்ளைகளோடு பேசவோ படம் எடுக்கவோ கூடாது என்ற விதியைக் கண்டிப்பாக வைத்திருந்தோம். அவர்களுக்குத் தனிக் கழிப்பறை, தனி வாயில், அடையாள அட்டை எல்லாம் இருந்தன. அந்த விதியைச் சொல்லும்போது அவர்கள்மீது சந்தேகம் என்ற தொனி வந்துவிடாமல் விளக்க வேண்டும். நான் முதல் நாளே அவர்களோடு உட்கார்ந்து, இது பிள்ளைகளின் வீடு போன்ற இடம், நாம் எல்லோரும் இங்கே விருந்தினர்கள் என்று சொன்னேன். யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

இனி கூடத்தின் உள்ளே. வெறும் சுவரும் தகரக் கூரையும் உள்ள விளையாட்டுக் கூடத்தில் பயிற்சியாளர் பேசுவது ஏன் புரிவதில்லை என்பதற்கு விடை, இன்னொரு கல்வி வளாகத்திலிருந்து வந்தது. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை அரங்கு ஒன்றில் எதிரொலி தாங்க முடியாமல் போக, அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியருக்குக் கிடைத்தது. இரவு நேரங்களில், வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கியும் எடுத்தும், ஆர்கன் என்னும் இசைக்கருவியின் குழாய் எழுப்பும் ஓசை அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து, அவர் ஒரு வாய்பாட்டைக் கண்டுபிடித்தார்: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சலால் (உட்பரப்பை, அது உறிஞ்சும் ஒலியின் பங்கால் பெருக்கினால் வருவது) வகுத்தால், ஓசை அடங்கும் நேரம் கிடைக்கும். எங்கள் கூடத்தின் கன அளவு ஏறத்தாழ 6,000 கன மீட்டர். உட்பரப்பு 2,400 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் மரத்தரையும் மட்டும் இருந்தால் சராசரி உறிஞ்சலை 0.06 என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது ஓசை அடங்க 6.7 வினாடிகள் ஆகும். ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் அதன்மேல் விழும். கூரையின் அடிப்பரப்பு முழுவதிலும் 0.8 அளவுக்கு உறிஞ்சும் பலகைகளைப் பொருத்தினால் அது 1.4 வினாடியாகக் குறையும். செலவைக் குறைக்க அந்தப் பலகைகளை நீக்கலாம் என்ற பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். பந்து பறந்து வரும்போது பயிற்சியாளர் எச்சரிப்பது பிள்ளையின் காதில் தெளிவாக விழவேண்டும்.

மரத்தரைதான் என் பொறுமையைச் சோதித்தது. கான்கிரீட் 28 நாளில் வலிமை பெற்றுவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வலிமை பெற்ற கான்கிரீட் உலர்ந்த கான்கிரீட் ஆகாது என்பதுதான் மறந்துபோகிறது. 25 மில்லிமீட்டர் கனம் உலர ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. எங்கள் கூடத்தின் கான்கிரீட் தளத்தின் கனம் 150 மில்லிமீட்டர். தளத்தில் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளையிட்டு, உள்ளே அளவியை இறக்கி மூடி, ஒரு நாள் கழித்து உள்ளிருக்கும் ஈரப்பதத்தைப் படிக்க வேண்டும். மேலே கைவைத்தால் காய்ந்தே தெரிந்த தளத்தில், முதல் முறை அளவி 91 சதவீதம் காட்டியது. மரத்தரை போடுபவர்கள் 80-க்குக் கீழே வந்தால்தான் பலகை விரிப்போம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கப்பட்டு, அழைப்பிதழும் அச்சாகியிருந்தது. ஈரம் ஏறிய பலகை குறுக்கே விரிந்து, விளிம்புகள் எழும்பி, தட்டுப்போல் குழிந்துவிடும்; ஓடுகிற பிள்ளையின் கால்விரல் அந்த விளிம்பில்தான் தட்டும். விழாவைத் தள்ளிவைக்கச் சொல்லி நான் எழுதிக் கொடுத்தபோது சிலருக்கு மனவருத்தம். தலைமையாசிரியை அளவியைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று சொல்லி, கூடத்துக்கு வந்து தரையில் அமர்ந்து எண்ணைப் படித்தார். விழா ஒன்பது வாரம் தள்ளிப்போனது.

ஏன் இவ்வளவு பாடுபட்டு மரத்தரை, நேராகக் கான்கிரீட்டின்மேல் ஓடு பதித்தால் என்ன என்று கேட்ட பெற்றோருக்கு நான் சொன்ன பதில் முழங்காலைப் பற்றியது. வளரும் பருவத்தில், முழங்காலுக்குக் கீழே தசைநார் எலும்போடு சேரும் இடம் இன்னும் முழுதாகக் கெட்டிப்படாமல் இருக்கும். அடிக்கடி குதிக்கும் பிள்ளைகளுக்கு அங்கே வீக்கமும் வலியும் வருவது மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. விளையாட்டுத் தரைகளுக்கான ஐரோப்பியத் தரநிர்ணயம், கான்கிரீட்டில் விழும்போது ஏற்படும் அதிர்வு விசையில் குறைந்தது 25 சதவீதத்தையாவது தரை உள்வாங்க வேண்டும் என்கிறது. பலகைக்கு அடியில் குறுக்குச் சட்டங்களும் அவற்றுக்கு அடியில் ரப்பர் திண்டுகளும் இருப்பது அதற்காகவே. எங்கள் தரையின் ஒரு மூலையைப் பலகை மூடும் முன் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஒருவன் திண்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தன் காலணியின் அடிப்பாகத்தையும் அழுத்திப் பார்த்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து வளையத்துக்குப் பின்னால் உள்ள சுவரில் மெத்தை வைத்தோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தை 1-க்கு 12 என்ற சரிவில், பின்வாசலில் அல்லாமல் முன்வாசலிலேயே அமைத்தோம். பெண் பிள்ளைகளின் உடைமாற்றும் அறையை முதல் வரைபடத்தில் ஆண் பிள்ளைகளின் அறையில் பாதியளவுதான் போட்டிருந்தார்கள், அதைச் சமமாக்கினோம். பொருள் வைப்பறை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் போதவில்லை, எங்களுடையதும் போதவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வேலியைப் பிரித்தோம். தூண்கள் மொத்தம் 118. ஒவ்வொரு தூணையும் பிடுங்கியபின், அந்தக் குழியை மண்ணிட்டு நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து, பட்டியலில் எண்ணுக்கு நேரே குறியிட்டுக்கொண்டே போனேன். புல்லுக்குள் மறைந்த ஒரு குழியில் ஓடும் பிள்ளையின் கால் இறங்கினால் கணுக்கால் முறிந்துவிடும். மாலையில் பட்டியலைப் பார்த்தபோது 117 குறிகள்தான் இருந்தன. உடற்கல்வி ஆசிரியரும் தோட்டக்காரரும் நானும் வேலி இருந்த கோட்டில் இரண்டு முறை நடந்தோம், அகப்படவில்லை. விளையாட்டு முடிந்து போய்க்கொண்டிருந்த ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் நாங்கள் குனிந்து தேடுவதைப் பார்த்து, என்ன என்று விசாரித்துவிட்டு, தானும் சேர்ந்துகொண்டான். கால் மணி நேரம் கழித்து, "சார், இங்கே இருக்கிறது" என்று புல்லை விலக்கிக் காட்டினான். பழைய கைப்பந்து ஆடுகளத்தின் ஓரத்தில், முதல் நாள் காலையில் தோண்டிய குழிகளில் ஒன்று அது. தோட்டக்காரர் மண் கொண்டுவந்தார். பையன் தன் காலாலேயே மிதித்துக் கெட்டித்தான். நான் 118-க்கு நேரே குறியிட்டேன்.